வெள்ளம் போன ஓடைக்குக் குருவி திரும்பி வருமா?



நம்ம பள்ளிக்கூடத்துக்குப் பின்னாடி ஓடுகிற ஓடையில் ஒரு குருவி இருக்கே, கவனிச்சிருக்கீங்களா? முதுகு சாம்பல் நிறம். வயிறு மஞ்சள். வால் நீளமா இருக்கும். கல்லுக்குக் கல் தாவும். உட்கார்ந்தாலும் சும்மா உட்காராது, வால் மட்டும் மேலும் கீழும் ஆடிக்கிட்டே இருக்கும். அதன் பெயர் சாம்பல் வாலாட்டி. சத்துணவுக் கூடத்துப் பின்னால் தட்டு கழுவும்போது எட்டிப் பார்த்தாலே தெரியும்.

செப்டம்பரில் வந்த இந்த விருந்தாளி, இன்னும் கொஞ்ச நாளில் கிளம்பிவிடும். கோடைக்கு அது இமயமலைக்கும் அதற்கும் வடக்கே உள்ள நாடுகளுக்கும் போய்க் கூடு கட்டும் என்று அறிவியல் சார் சொன்னார். அப்போது எங்க வகுப்பில் ஒருத்தி எழுந்து கேட்டாள்: "சார், அது போற இடத்துல வெள்ளம் வந்து ஓடையே நாசமாப் போயிருந்தா என்ன பண்ணும்?"

"நல்ல கேள்வி. இதுக்குப் பதில் தேடி சுவர் இதழில் எழுதுங்க" என்று சொல்லிவிட்டு சார் என்னைக் கை காட்டினார். கேள்வி கேட்டது அவள், மாட்டிக்கிட்டது நான்! ஆனால் தேடத் தேட, இது எங்கேயோ இருக்கிற குருவியின் கதை மட்டும் இல்லை, நம்ம ஓடையின் கதையும்தான் என்று புரிந்தது. பொறுமையாகப் படியுங்கள்.

இங்கே விருந்து, அங்கே பாட்டு

நீலகிரிக்குக் குளிர்காலத்தில் வரும் பறவைகள் பல. அதில் ஒன்று காஷ்மீர் ஈப்பிடிப்பான். நம்ம உள்ளங்கையில் அடங்கிவிடும். எடை சுமார் 10 கிராம்தான். ஆண் பறவைக்குக் கழுத்தும் மார்பும் செம்மஞ்சளாக, ஓரத்தில் கறுப்புக் கரை போட்ட மாதிரி இருக்கும். ஊட்டி, குன்னூர் பக்கம் தேயிலைத் தோட்ட ஓரங்களிலும் சோலை ஓரங்களிலும் பார்க்கலாம். இலங்கையின் மலைநாட்டுக்கும் போகும்.

இந்தப் பறவை உலகத்திலேயே காஷ்மீரிலும் அதை ஒட்டிய மலைகளிலும் மட்டும்தான் கூடு கட்டுகிறது. இங்கிருந்து ஸ்ரீநகருக்கு நேர்க்கோட்டில் அளந்தாலே சுமார் 2500 கிலோமீட்டர்! பஸ்ஸில் ஊட்டிக்குப் போய் வருவதற்கே நமக்குத் தலை சுற்றுகிறது. பத்து கிராம் குருவி அவ்வளவு தூரம் வருஷத்துக்கு இரண்டு தடவை பறக்கிறது.

நம்ம ஊரில் இருக்கும்போது இந்தப் பறவைகள் பெரும்பாலும் பாடுவதில்லை. 'ட்சிக், ட்சிக்' என்று குரல் கொடுப்பதோடு சரி. பாட்டு எல்லாம் வசந்த காலத்தில், கூடு கட்டும் இடத்தில்தான். காஷ்மீரில் மார்ச் கடைசியில் பனி உருகத் தொடங்கும். ஓடைகளில் தண்ணீர் ஏறும். அக்ரூட் மரமும் வில்லோ மரமும் தளிர் விடும். (வில்லோ என்பது கிரிக்கெட் மட்டை செய்யும் மரம்!) அப்போது பறவைகள் ஒவ்வொன்றாக வந்து சேரும். ஆண் பறவைகள் முன்னாடியே வந்து, ஆளுக்கு ஓர் இடம் பிடித்துப் பாட ஆரம்பிக்கும். "இது என் இடம், வேற யாரும் வராதே" என்பது ஒரு அர்த்தம். "இங்கே சாப்பாடு இருக்கு, குடும்பம் நடத்தலாம், வா" என்பது இன்னொரு அர்த்தம்.

2014-இல் என்ன நடந்தது?

2014-ஆம் ஆண்டு செப்டம்பர் முதல் வாரத்தில் காஷ்மீரில் விடாமல் மழை கொட்டியது. ஜீலம் ஆறு கரை புரண்டது. செப்டம்பர் 7-ஆம் தேதி ஸ்ரீநகரின் பெரும்பகுதி தண்ணீருக்குள் போனது. மலையிலிருந்து இறங்கும் ஓடைகள் பாலங்களையும் வீடுகளையும் அடித்துக்கொண்டு போயின. நூற்றுக்கணக்கானோர் இறந்தார்கள். அதோடு விடவில்லை. 2015 மார்ச் கடைசியில், அதாவது பறவைகள் திரும்பி வரும் நேரம் பார்த்து, மறுபடியும் அங்கே வெள்ளம்!

மனிதர்களுக்கு அது பெரிய துயரம். பறவைகளுக்கு?

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்கணும். வெள்ளம் எவ்வளவு பெரியது என்பதை விட, எந்த மாதத்தில் வந்தது என்பதுதான் பறவைக்கு முக்கியம். செப்டம்பரில் குஞ்சுகள் எல்லாம் வளர்ந்து பறந்துவிட்டன. கூடுகள் காலி. தெற்கே கிளம்ப வேண்டிய நேரமும் வந்துவிட்டது. மார்ச்சில் இன்னும் முட்டையே இடவில்லை. இதே வெள்ளம் மே, ஜூன் மாதத்தில் வந்திருந்தால் கரையோரக் கூடுகள் முட்டையோடும் குஞ்சோடும் போயிருக்கும்.

அப்படிப் போனாலும் வாலாட்டி ஒரேயடியாக ஓய்ந்துவிடாது. இன்னொரு கூடு கட்டி மறுபடி முட்டை இடும். முட்டை இட்டு, அடைகாத்து, குஞ்சு பறக்க அதற்குச் சுமார் ஒரு மாதம் போதும். பனி உருகி வருஷா வருஷம் தண்ணீர் ஏறும் மலை ஓடையில் வாழ்கிற பறவை அது. வெள்ளம் அதற்குப் புதுசு இல்லை.

அப்படியானால் கேள்வி இதுதான்: வந்து சேர்ந்த பறவைக்கு அங்கே சாப்பாடு இருக்குமா?

ஓடைதான் சமையலறை

ஓடையில் கிடக்கும் ஒரு கல்லை மெதுவாகப் புரட்டிப் பாருங்கள். அடியில் சின்னச் சின்ன உயிர்கள் ஒட்டிக்கொண்டிருக்கும். வாலில் இரண்டு மூன்று முடி நீட்டிக்கொண்டு சப்பையாக இருப்பது மேஃப்ளை என்ற பூச்சியின் இளம் பருவம். மணலையும் குச்சியையும் ஒட்டித் தனக்கு ஒரு சின்னக் குழாய் வீடு கட்டி, அதற்குள் ஒளிந்திருப்பது கேடிஸ் புழு. இன்னும் ஸ்டோன்ஃப்ளை, தட்டானின் இளம் பருவம், கொசு இனப் புழுக்கள் என்று பெரிய ஊரே இருக்கும்.

இவை தண்ணீருக்குள் வளர்ந்து, ஒரு நாள் மேலே வந்து, சிறகு முளைத்துப் பறக்கும். பறந்து கரையோர மரங்களுக்குப் போகும். அங்கேதான் ஈப்பிடிப்பான் காத்திருக்கும்! வாலாட்டி கல்லின் மேல் நின்றே பிடித்துவிடும். ஆக, ஓடையில் கால் வைக்காத மரத்துப் பறவைக்கும் ஓடையிலிருந்துதான் சாப்பாடு வருகிறது.

இது சும்மா சொல்வது இல்லை. ஜப்பானில் ஹொக்கைடோ தீவில் ஒரு காட்டு ஓடையில் நகானோ, முரகாமி என்ற இரண்டு விஞ்ஞானிகள் இதை அளந்து 2001-இல் வெளியிட்டார்கள். அந்த ஓடைக்கரைக் காட்டுப் பறவைகளின் ஒரு வருஷத்து உணவுத் தேவையில் சுமார் நான்கில் ஒரு பங்கு ஓடையில் பிறந்த பூச்சிகளிலிருந்து கிடைத்தது. அதிலும் முக்கியமானது வசந்த காலம். மரங்கள் இலை விடாத நேரத்தில் காட்டில் கம்பளிப்புழு இருக்காது, அப்போது ஓடைதான் கை கொடுக்கிறது. நெடுந்தூரம் பறந்து பசியோடு வந்து இறங்கும் பறவைக்கு முதல் சாப்பாடு அது.

(பதிலுக்குக் காடும் சும்மா இருப்பதில்லை. கோடையில் மரத்திலிருந்து விழும் பூச்சிகளை ஓடை மீன்கள் சாப்பிடுகின்றன. கொடுக்கல் வாங்கல்!)

வெள்ளம் எடுப்பதும் கொடுப்பதும்

பெரிய வெள்ளம் வந்தால் ஓடையின் கற்கள் எல்லாம் உருளும். கல்லில் படர்ந்த பாசி தேய்ந்து போகும். ஒட்டியிருந்த பூச்சிகளில் பெரும்பாலானவை அடித்துக்கொண்டு போகும். வெள்ளம் வடிந்ததும் பார்த்தால், கழுவிக் கவிழ்த்த பாத்திரம் மாதிரி ஓடை இருக்கும்.

ஆனால் எல்லாமும் போய்விடுவதில்லை. எப்படித் தப்பிக்கின்றன தெரியுமா?

1. சில பூச்சிகள் கூழாங்கல்லுக்கு அடியில், இன்னும் கீழே உள்ள ஈர மணல் இடுக்குக்குள் இறங்கிக்கொள்ளும்.

2. பெரிய பாறைக்குப் பின்னால், மர வேருக்கு இடையில், வேகம் குறைந்த மூலைகளில் சில ஒதுங்கிக்கொள்ளும்.

3. மேலே உள்ள சின்னக் கிளை ஓடைகளில் வெள்ளம் அவ்வளவு கடுமையாக இருக்காது. அங்கே இருப்பவை பிறகு தண்ணீரோடு மிதந்து கீழே வந்து குடியேறும்.

4. வெள்ளத்தின்போது சிறகு முளைத்துக் கரையில் இருந்தவை தப்பிவிடும். அவை ஓடை வழியே மேல்நோக்கிப் பறந்து முட்டை இடும்.

முதலில் திரும்புவது பாசி. வெயில் பட்டால் சில வாரங்களில் கல் மேல் வழவழப்பு வந்துவிடும். அதைச் சாப்பிட மேஃப்ளை இளசுகளும் கொசு இனப் புழுக்களும் வரும். அவற்றைப் பிடித்துச் சாப்பிடும் பெரிய பூச்சிகள் பிறகு வரும். வளர ஒரு வருஷத்துக்கும் மேல் எடுத்துக்கொள்ளும் ஸ்டோன்ஃப்ளை வகைகள் மெதுவாகத்தான் வரும். செப்டம்பரில் வெள்ளம் போன ஓடையில் ஏப்ரலுக்குள் விருந்து இருக்காது. ஆனால் கஞ்சியாவது இருக்கும்! பற்றாத பறவை பக்கத்துக் கிளை ஓடைக்குப் போய் அங்கே இடம் தேடும்.

வெள்ளம் கொடுப்பதும் உண்டு. புதிதாக மணல் திட்டும் கூழாங்கல் திட்டும் உண்டாகும். அங்கே வாலாட்டி ஓடியாடி இரை தேடும். அறுத்த கரையில் பொந்து தோண்டி மீன்கொத்தி கூடு வைக்கும். அடித்து வந்த மரக்கட்டைகள் ஓர் இடத்தில் சிக்கி நிற்கும். அதற்குள் சின்னப் பறவைகள் ஒளிய இடம் கிடைக்கும், தண்ணீரில் பூச்சி வளரவும் நிழல் கிடைக்கும். சாய்ந்து காய்ந்த மரத்தில் மரங்கொத்தி துளை போடும். பிற்பாடு அந்தத் துளையில் ஈப்பிடிப்பான் போன்றவை குடி வரும். காஷ்மீர் ஈப்பிடிப்பான் மரப்பொந்தில்தான் கூடு வைக்கும்.

உங்களுக்குத் தெரியுமா?

காஷ்மீர் ஓடைகளில் பழுப்பு டிப்பர் என்று ஒரு பறவை உண்டு. அது தண்ணீருக்குள் முழுகி, ஓடையின் தரையில் நடந்து போய்ப் பூச்சி பிடிக்கும்! நம்ம வாலாட்டி மாதிரி நெடுந்தூரம் தெற்கே போகாது, குளிரிலும் அந்த மலை ஓடைகளையே நம்பி இருக்கும். கல்லுக்கு அடியில் பூச்சி இல்லை என்றால் அதற்கு வேறு வழி இல்லை. அதனால் டிப்பர் இருக்கும் ஓடை உயிரோடு இருக்கும் ஓடை என்று தெரிந்துகொள்ளலாம்.

அப்போ பறவைகள் வந்தனவா?

2014-க்கும் 2015-க்கும் பிறகும் காஷ்மீர் ஈப்பிடிப்பான் குளிர்காலத்தில் நீலகிரிக்கு வந்துகொண்டேதான் இருக்கிறது. அங்கே கூடு கட்டிக் குஞ்சு பொரித்தால்தானே இங்கே வர முடியும்? அதுவே பதில். வெள்ளம் வந்த பள்ளத்தாக்கைப் பறவைகள் கைவிடவில்லை. ஏனென்றால் காட்டுக்குள் ஓடும் ஓடைகளில் கல் இருந்தது, கரையில் மரம் இருந்தது, மேலே கிளை ஓடைகள் இருந்தன. ஸ்ரீநகருக்குப் பக்கத்தில் தாச்சிகாம் என்று ஒரு தேசியப் பூங்கா இருக்கிறது. ஹங்குல் என்ற காஷ்மீர் மான் வாழும் காடு அது. அதன் நடுவே ஓடும் டக்வான் ஓடை மாதிரி இடங்கள் தாமாகவே ஆறிக்கொள்ளும். நம்ம முழங்கால் காயம் ஆறுகிற மாதிரிதான். நோண்டாமல் விட்டால் போதும்.

இனி நம்ம ஓடைக்கு வருவோம்

2019 ஆகஸ்ட் மாதம் நம்ம மாவட்டத்தில் என்ன நடந்தது என்று வீட்டில் கேளுங்கள். அவலாஞ்சியில் ஒரே நாளில் 800 மில்லிமீட்டருக்கு மேல் மழை! சென்னையில் ஒரு வருஷம் முழுக்கப் பெய்யும் மழையில் பாதிக்கு மேல் அங்கே ஒரு நாளில் பெய்துவிட்டது. அப்போது நான் மூன்றாம் வகுப்பு. ராத்திரி பூரா ஓடையில் பாறை உருளும் சத்தம் 'கடமுட கடமுட' என்று கேட்டது. பாட்டி என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டு தூங்கவே இல்லை. எங்க வீட்டுக்குக் கீழே இரண்டு வீட்டில் சுவர் போனது.

வெள்ளம் வடிந்து சில மாதம் கழித்து ஓடையைச் சரிசெய்ய ஆட்கள் வந்தார்கள். பாலத்துக்குக் கீழ்ப் பக்கம் மட்டும் பொக்லைன் வைத்துப் பாறைகளை எல்லாம் அள்ளினார்கள். கரையில் இருந்த செடி கொடி, வேர் எல்லாம் போனது. இரண்டு பக்கமும் சுவர், நடுவில் சிமெண்ட் தரை. பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் உள்ள மேல் பாகத்தை அப்படியே விட்டுவிட்டார்கள்.

போன மாதம் எங்க சுற்றுச்சூழல் மன்றத்துப் பிள்ளைகள் இரண்டு இடத்துக்கும் போனோம். மேல் பாகத்தில் புரட்டிய கல் ஒவ்வொன்றிலும் ஏதோ ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. வெள்ளம் வந்த அதே ஓடைதான்! கீழ்ப் பாகத்தில் புரட்டக் கல்லே இல்லை. சிமெண்ட் மேல் கரும்பாசியும் பிளாஸ்டிக் கவரும்தான். வாலாட்டி அங்கேயும் வரும், இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் கொஞ்சம் ஓடிப் பார்த்துவிட்டு மேலே வந்துவிடும். சாப்பாடு இல்லாத வீட்டில் விருந்தாளி எவ்வளவு நேரம் உட்காருவார்?

அப்போதுதான் எனக்கு ஒன்று புரிந்தது. ஓடையை வெள்ளம் கொல்லவில்லை. வெள்ளத்துக்குப் பிறகு நாம் செய்ததுதான் கொன்றது.

"குருவி முக்கியமா, வீடு முக்கியமா?"

வருகிற மே விடுமுறையில் மேல் பாகத்துக்கும் இதே மாதிரி சிமெண்ட் போடப் போவதாக ஊரில் பேச்சு. இதைப் பற்றி வீட்டில் சொன்னதும் அப்பா கோபப்பட்டார். "உனக்குக் குருவி முக்கியமா, நம்ம வீடு முக்கியமா? அந்த ராத்திரியை மறந்துட்டியா?" என்று கேட்டார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. நான் மறக்கவில்லை. இப்பவும் பெரிய மழை பெய்தால் எனக்கும் பயம்தான்.

மறுநாள் சாரிடம் கேட்டேன். சார் மைதானத்துச் சரிவில் இரண்டு வாய்க்கால் வெட்டச் சொன்னார். ஒன்றில் கல்லும் புல்லும் போட்டோம். இன்னொன்றில் பிளாஸ்டிக் தாள் விரித்தோம். இரண்டிலும் ஒரே அளவு, ஒரு குடம் தண்ணீர் ஊற்றினோம். பிளாஸ்டிக் வாய்க்காலில் தண்ணீர் சர்ரென்று பாய்ந்து கீழே இருந்த மண்ணைப் பறித்துவிட்டது. கல் வாய்க்காலில் சுற்றிச் சுற்றி, நின்று நின்று, மெதுவாக இறங்கியது.

வழவழப்பான சிமெண்டில் தண்ணீருக்குத் தடை இல்லை. வேகம் கூடும். மேல் பாகத்தில் வேகம் கூடினால் அந்த வேகம் எங்கே போய் முட்டும்? கீழே இருக்கும் எங்க வீட்டில்! கல்லும் வேரும் கரைச் செடியும் இருந்தால்தான் தண்ணீர் வேகம் குறைந்து இறங்கும். வாலாட்டிக்குச் சாப்பாடு போடும் அதே கல்தான் எங்க வீட்டுக்கும் காவல் நிற்கிறது.

அன்று சாயங்காலம் அப்பாவைக் கூட்டிக்கொண்டு வந்து அந்த இரண்டு வாய்க்காலையும் காட்டினேன். அப்பா ஒன்றும் பேசவில்லை. இரண்டாவது தடவை ஒரு குடம் தண்ணீரை அவரே ஊற்றிப் பார்த்தார். "வீட்டுப் பக்கம் சுவர் வேணும், அதை விட முடியாது" என்றார். பிறகு, "மேலே இருக்கிற பாறையை அள்ள வேண்டாம்னு கூட்டத்துல சொல்லிப் பார்க்கிறேன்" என்றார். எனக்கு அது போதும். அப்பா சொன்னதும் சரிதான். வீடு ஒட்டியுள்ள இடத்தில் சுவர் வேண்டும். மற்ற இடத்தில் ஓடையை ஓடையாக விட வேண்டும்.

நாம் என்ன செய்யலாம்?

* ஓடையில் கல் புரட்டிப் பார்த்தால், பார்த்ததும் பழையபடி வைத்துவிடுங்கள். அது ஒரு வீட்டின் கூரை.

* கரைச் செடிகளை விளையாட்டுக்கு ஒடிக்காதீர்கள். விறகுக்கு வெட்டுகிறவர்களிடமும் எடுத்துச் சொல்லுங்கள்.

* சோப்புத் தண்ணீரையும் மீந்த பூச்சிமருந்தையும் ஓடையில் ஊற்றக் கூடாது. வெள்ளத்திலிருந்து தப்பிய பூச்சி இதிலிருந்து தப்பாது.

* வாலாட்டியைக் கடைசியாக என்றைக்குப் பார்த்தீர்கள் என்று தேதியோடு எழுதி வையுங்கள். செப்டம்பரில் முதலில் பார்க்கிற தேதியையும் எழுதுங்கள். இந்தச் சுவரிலேயே ஒரு அட்டை ஒட்டி வைத்திருக்கிறோம்.

* ஊர்க்கூட்டத்துக்கு நம்ம மன்றம் சார்பில் ஒரு கடிதம் எழுதியிருக்கிறோம். தலைமையாசிரியர் அறை வாசலில் இருக்கிறது. படித்துப் பார்த்து, சரி என்று தோன்றினால் கையெழுத்துப் போடுங்கள். பெற்றோரிடமும் காட்டுங்கள்.

நண்பர்களே! நம்ம வாலாட்டி இந்த மாதமோ அடுத்த மாதமோ கிளம்பிவிடும். எங்கோ வடக்கே ஒரு காட்டு ஓடையில் கல் மேல் நின்று, நாம் கேட்காத பாட்டைப் பாடும். குஞ்சுகளை வளர்த்துவிட்டு செப்டம்பரில் மறுபடி இங்கே வரும். வந்து இறங்கும்போது அதற்கு நிற்க ஒரு கல் இருக்க வேண்டும். அது நம்ம கையில்தான் இருக்கிறது.



– 9-ஆம் வகுப்பு மாணவி,
சுற்றுச்சூழல் மன்றம்